மேடைக்குப் பின்னால் ஒரு காது! - சின்ன நாடக அரங்குக்குக் குறைந்த செலவில் ஒலி இணைப்பு

மேடையில் ராஜா கம்பீரமாக, "யாரங்கே?" என்கிறார். யாரும் வரவில்லை. மறுபடி, "யாரங்கே?" சபையில் சிரிப்பு. காவலன் வேடக்காரரோ மேக்கப் அறையில் நிதானமாக மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறார். தப்பு அவருடையது இல்லை. மேடையில் என்ன நடக்கிறது என்பதே அவர் காதில் விழவில்லை!

தெருக்கூத்தில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணிதான் திரை. அதற்குப் பின்னால் நின்றே வேடக்காரர் பாடத் தொடங்கிவிடுவார். மேடையும் பின்மேடையும் ஒரே காற்றில் இருக்கும். சுவரும் கதவும் ஏசியும் வந்த பிறகுதான் நடிகரின் காது அடைபட்டது.

புதுச்சேரி நாடகத்தோடு நெருங்கிய ஊர். நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரோமன் ரோலன் வீதியில் ஒரு பழைய சினிமா கொட்டகையைக் குமரன் வளவனின் 'இந்தியநோஸ்திரம்' குழு நாடக அரங்காக மாற்றியது. பழைய கொட்டகை, பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம் என்று கிடைக்கிற இடத்தில் நாடகம் போடும் குழுக்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாடகத்துக்கென்று கட்டாத இடங்களில் ஒப்பனை அறை பெரும்பாலும் மேடையை விட்டுத் தள்ளித்தான் இருக்கும்.

பெரிய அரங்குகளில் இதற்கென்றே ஒலி இணைப்பு இருக்கும். இங்கிலாந்து நாடகக்காரர்கள் அதை 'டேனாய்' என்பார்கள். 1926-ல் லண்டனில் தொடங்கிய ஒலிபெருக்கி கம்பெனியின் பெயர் அது. அதே வசதியை நாமும் எளிமையாகச் செய்துகொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்?

ஒரு கண்டென்சர் மைக், 48 வோல்ட் பான்டம் பவர் தரும் குட்டி மிக்சர், சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் உள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர், நீளமான எக்ஸ்.எல்.ஆர். கேபிள். அவ்வளவுதான். எல்லாமே புதிதாக வாங்கினாலும் 10,000 ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம். குழுவின் பெட்டியில் ஏற்கெனவே இருப்பதைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் குறையும்.

மேடையின் முன் விளிம்பில், நடுவில், ஒரு துண்டு ஸ்பாஞ்சின் மேல் மைக்கை வையுங்கள். காலடி அதிர்வு குறையும். பாடகர் கையில் பிடிக்கும் சாதா டைனமிக் மைக் இதற்குச் சரிவராது. அது பக்கத்துக் குரலைத்தான் நன்றாக வாங்கும்.

"மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. மைக் இல்லாமல் பேசும் நடிகரின் குரல் அதில் வராது. சபையின் சிரிப்பும் கைதட்டலும் வராது. சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைய வேண்டிய நடிகருக்கு அதுவும் கேட்க வேண்டுமே!

செல்போன், ப்ளூடூத் வேண்டாமா?

ப்ளூடூத்தில் ஒலி பெரும்பாலும் 0.1 முதல் 0.3 விநாடி வரை பிந்தி வரும். சுவர் குறுக்கிட்டால் விட்டுவிட்டுக் கேட்கும். இரண்டு பழைய போன்களில் வீடியோ கால் போட்டு வைத்தால் தாமதம் இன்னும் கூடலாம். நெட் போனால் எல்லாம் போச்சு. ஒத்திகைக்கு அது பரவாயில்லை. நாடகத்தன்று வயர்தான் நம்பகம். அதில் தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே, கடைசி வரிசை ரசிகருக்கு முன்பே ஒப்பனை அறையில் வசனம் கேட்டுவிடும்!

இவற்றைக் கவனியுங்கள்

* மேடை விளக்குகளின் மின்வயரோடு மைக் கேபிளைச் சேர்த்துக் கட்டினால் 'உர்ர்' என்று இரைச்சல் வரும். ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள்.

* நடைபாதையில் கிடக்கும் கேபிளை டேப் போட்டு ஒட்டுங்கள். இருட்டில் புடவை, வேட்டியோடு ஓடுகிறவர் தடுக்கி விழுந்தால், என்ட்ரி தவறுவதைவிடப் பெரிய ஆபத்து.

* ஒப்பனை அறைக் கதவு திறந்திருந்து ஸ்பீக்கர் சத்தம் மேடை மைக்குக்குத் திரும்பினால் ஊளையிடும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவே போதும்.

* மூன்று, நான்கு அறைகளுக்கு ஒலி வேண்டுமானால் 100 வோல்ட் லைன் உள்ள ஆம்ப்ளிஃபயரும் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கர்களும் வேண்டும். சாதா 8 ஓம் ஸ்பீக்கரை அந்த முனையில் நேரடியாக மாட்டாதீர்கள், கருகிவிடும். இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

* கடற்கரை ஊரில் உப்புக் காற்று பிளக் முனைகளைச் சீக்கிரம் களிம்பேற்றும். நாடகம் முடிந்ததும் கழற்றித் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

* மேடையில் கிசுகிசுப்பதும் அறையில் கேட்கும். நாடகம் இல்லாத நேரத்தில் மைக்கை அணைத்துவிடுவது நாகரிகம்.

இத்தனையும் செய்த பிறகும், யார் எப்போது நுழைய வேண்டும் என்று பட்டியலோடு நின்று கூப்பிடும் ஆள் ஒருவர் வேண்டும். கரன்ட் போனால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அவர் ஆக மாட்டார். ஆனால் ஒலி இணைப்பு இருந்தால், அவர் நிமிடத்துக்கு ஒருதரம் ஒப்பனை அறைக்கு ஓட வேண்டாம். சைடு விங்கில் பத்து பேர் முண்டியடித்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். வயதான நடிகர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தன் வசனத்தை மனதுக்குள் ஓட்டியபடி காத்திருக்கலாம். முறை வந்ததும் அவரே எழுந்து போவார்.