பழைய எஃகில் கடைசல் உளிகள்

தறிக்குத் தார்க்குச்சி, தொட்டிலுக்குக் குமிழ், கட்டிலுக்குக் கால் எனக் கடைந்து தரும் தச்சருக்கு உளியே முதல். திருவாமாத்தூர்ப் பக்கத்தார் விழுப்புரம் சென்றால், பழைய இரும்புக் கடையில் லாரி வில்பட்டையும் தேய்ந்த அரமும் எடைக்கு வாங்கலாம். இரண்டிலும் உளி செய்யலாம். ஆயினும் இரண்டும் ஒரே தன்மையுடைய எஃகு அல்ல.

சங்கக் கணக்கைப் பார்வையிடச் சென்ற ஓர் ஊரில், அரத்தின் நுனியை மட்டும் தீட்டிப் பிடியிட்டு ஒருவர் கடைந்துகொண்டிருந்தார். "வெகு நாளாக இப்படித்தான் ஐயா" என்றார். இது அபாயமான வழக்கம். அரத்தில் கரிச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 1.2 பங்கு, மிகுந்த கடினமும், கண்ணாடிபோல் முறியும் குணமும் அதற்குண்டு. சுழலும் கட்டை உளியைக் கவ்வினால், பல்லின் பள்ளத்திலோ வால் சிறுத்த இடத்திலோ அது ஒடிந்து, துண்டு முகத்தில் பாயும். பற்களை முற்றும் சாணையில் நீக்கி, பழுப்பு நிறம் தோன்றுமளவு சூடேற்றிக் கடினத்தைத் தணித்த பின்னரே, அதுவும் சிறு சுரண்டல் வேலைக்கு மட்டும், அதைக் கொள்ளலாம்.

வில்பட்டையில் கரிச்சத்து சுமார் 0.6 பங்கே. அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட எஃகு அது. ஆகவே பெரிய உளிகளுக்கு அதுவே உகந்தது. நடுவிலுள்ள துளையருகே மயிரிழை விரிசல் இருக்கக்கூடும், அப்பகுதியைத் தள்ளிவிடுக.

கொல்லர் உலையில் பட்டையைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் ஓரிரவு புதைத்தால், மென்மையுற்று அறுக்க வரும். வடிவமைத்தபின் வெட்டுமுனையை மட்டும் மீண்டும் காய்ச்சுக. காந்தம் பற்றாத நிலை (சுமார் 770 பாகை) வந்து, அதற்குச் சற்று மேலும் சிவந்தவுடன் எண்ணெயில் தோய்த்தல் வேண்டும். நீரில் தோய்த்தால் இவ்வகை எஃகு வெடிக்கக்கூடும். கடலை எண்ணெயே போதும். நிலக்கடலை விளைவிக்கும் நமக்கு அதைத் தேடி அலைய வேண்டுவதில்லை. எண்ணெய் தீப்பற்றினால் மூடுவதற்கு ஓர் இரும்பு மூடி அருகிருக்கட்டும்.

தோய்த்த முனை அப்படியே உதவாது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறமிருந்து மெல்லச் சூடேற்றினால், வைக்கோல் நிறம் முனையை நோக்கி நகரும். நிறம் முனையைத் தொட்டதும் (ஏறத்தாழ 230 பாகை) நிறுத்துக. நீலம் வரவிட்டால் கூர் நில்லாது. சாணை பிடிக்கையிலும் இதே கவனம் தேவை. அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும்.

பிடிக்குக் கருவேல மரம் நன்று; நீளம் முக்கால் முழமேனும் இருக்கட்டும்.