முளையும் விளைச்சலும்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. துடிப்புள்ள சிறுவன் ஒருவனைக் கண்டதும் ஊர்ப் பெரியவர்கள் இதனைச் சொல்லி மகிழ்வர். ஆயின், கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் வேளாண்மை செய்து பழகிய ஒருவரிடம் இப்பழமொழியின் பொருளைக் கேட்டால், அவர் சற்றே தயங்கித்தான் விடை கூறுவார். முளை ஓரளவு சொல்லும், எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மழை வேளைக்குப் பெய்ய வேண்டும். வாய்க்காலில் நீர் வர வேண்டும். பூச்சியும் வெள்ளமும் விலகி நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் கடந்த பின்னரே வட்டையில் கதிர் தலைசாயும். முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை உழவன் அறிவான். விளையாட்டு இரசிகர்கள் அதனை ஆண்டுதோறும் மறந்து, ஆண்டுதோறும் புதிதாகக் கற்றுக்கொள்கின்றனர்.

மாலை வேளையில் ஆட்டம் முடிந்து, மஃரிப் தொழுகைக்கான அழைப்பு ஒலிக்கும்வரை, மைதானத்தின் ஓரத்திலே இளைஞர் சிலர் கூடியிருந்து பேசுவது கீழ்க்கரை ஊர்களில் வழமையான காட்சி. லங்கா பிறீமியர் லீக்குக்கோ, இந்தியன் பிறீமியர் லீக்குக்கோ வீரர்களைத் தெரிவு செய்யும் நாள் நெருங்கிவிட்டால், அப்பேச்சுச் சூடுபிடிக்கும். “காக்கா, இந்தமுறை அந்தப் பொடியனை ஒருத்தரும் விடமாட்டாங்க” என்பான் ஒருவன். “ஒரு மெட்ச்சைப் பார்த்துப்போட்டா சொல்றாய்?” என்று மற்றவர் மடக்குவார். அங்கே பேசப்படுவது முடிந்துபோன ஆட்டமன்று. இனி வரவேண்டிய ஒரு வாழ்வு. இந்த இளைஞன் நாளை என்னவாவான் என்பதே வினா.

இதே வினா, கனடாவில் ஆண்டுதோறும் கோடை தொடங்கும் வேளையில் இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொள்கிறது. அங்கே அது பனித்தரை ஹொக்கி பற்றிய வினா. வழுக்கும் பனித்தரையிலே சறுக்குக் காலணி அணிந்து, இறப்பர் வட்டு ஒன்றை மட்டையால் செலுத்தி ஆடும் இவ்வாட்டம் கனடியருக்கு உயிர். அந்நாட்டிலே குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று அதனைப் பார்த்தே வளர்கின்றனர். அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 32 கழகங்கள் ஆடும் தேசிய ஹொக்கி லீக் என்னும் அமைப்பு, இளம் வீரர்களைத் தன் கழகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிகழ்ச்சியே ‘டிராஃப்ட்’ எனப்படுவது. இதனை வரிசைமுறைத் தெரிவு என்று தமிழிற் கூறலாம்.

இம்முறை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் செல்வாக்கு மிக்க கழகங்கள் சிறுவர் அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆதரித்து, அவற்றில் ஆடிய சிறுவர்களின் எதிர்கால உரிமையைத் தம் கையில் வைத்திருந்தன. இப்பழக்கத்தைப் படிப்படியாக நீக்கும் நோக்கத்துடன், 1963ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி மொன்றியல் நகரிலே முதலாவது தெரிவு நடைபெற்றது. அப்பொழுது லீக்கில் இருந்தவை ஆறு கழகங்களே. தெரிவு செய்யப்பட்டோர் 21 பேரே. முதலாவதாக அழைக்கப்பட்ட காரி மொனகான் என்பவருக்கு வயது 16. இன்றோ ஏழு சுற்றுகளில் 224 பேர் அழைக்கப்படுகின்றனர். செப்டெம்பர் 15ஆந் திகதிக்கு முன்னர் பதினெட்டு வயதை எட்டும் இளைஞரே பெரும்பாலும் இதில் முதன்முறையாகத் தகுதி பெறுவர்.

இம்முறையின் உயிர்நாடி யாதெனில், சென்ற ஆண்டில் பின்தங்கிய கழகத்துக்கு முன்னுரிமை வழங்குவதாகும். வென்றவன் கடைசியில் நிற்க, தோற்றவன் முதலில் கை நீட்டுகிறான். வலியவன் மேலும் வலியவனாகி ஆட்டமே சுவையற்றுப் போவதை இது தடுக்கிறது. ஆனால் நல்ல ஏற்பாட்டிலும் ஓட்டை காண்பவர் உண்டு. முதலிடத்தைப் பெறும் ஆசையால் ஒரு கழகம் வேண்டுமென்றே தோற்கக்கூடும் அல்லவா? இந்த ஐயத்தைப் போக்கவே 1995ஆம் ஆண்டு முதல் முன்னிடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறை புகுத்தப்பட்டது.

ஏலம் என்பது இதனின்றும் வேறுபட்டது. தரை ஹொக்கியில் இந்தியா அம்முறையைக் கையாளுகிறது. 2013இல் தொடங்கி, 2017இன் பின் நின்றுபோயிருந்த ஹொக்கி இந்தியா லீக் மீண்டும் எழுந்தபோது, 2024 ஒக்டோபரில் புதுடில்லியில் ஏலம் நடந்தது. ஆடவர் அணி ஒவ்வொன்றும் நான்கு கோடி ரூபாய்க்குள் தன் வீரர்களைத் திரட்ட வேண்டியிருந்தது. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டு, அந்த ஏலத்தின் மிகக் கூடிய விலையைப் பெற்றார். ஏலத்தில் பணம் பேசுகிறது. வரிசைமுறைத் தெரிவில் முறை பேசுகிறது. இரண்டிலும் இளைஞன் பேசுவதில்லை. அவன் பெயர் அழைக்கப்படும்வரை காத்திருக்கிறான்.

தெரிவு நாளுக்கு முன்னர் இரசிகர்கள் எவற்றை ஆராய்கின்றனர்? சறுக்கும் வேகம், மட்டையைக் கையாளும் நயம், எதிராளி நகருமுன் அவன் எண்ணத்தை அறியும் பார்வை, உடற்கட்டு, இளைஞர் போட்டிகளில் ஈட்டிய புள்ளிகள் ஆகியவற்றையெல்லாம் எடைபோடுவர். ஒரு சாரார் எண்களை நம்புவர். மற்றொரு சாரார் கண்ணால் கண்டதையே நம்புவர். “எளிய எதிரணிகளோடு ஆடிக் குவித்த புள்ளிகள் ஆகா” என்பர் இவர். “ஒருநாள் ஆட்டத்தைக் கண்டு மயங்கலாகாது” என்பர் அவர். நற்பிட்டிமுனை மைதானத்து வாதமும் இதுவே. ஆடுகளமும் குளிரும் மாத்திரமே வேறு.

கழகங்கள் பொழுதுபோக்காக இதனைச் செய்வதில்லை. திறன் தேடுவோர் என்னும் அனுபவம் வாய்ந்த ஊழியரை நாடெங்கும் அனுப்பி, ஆண்டு முழுவதும் ஆட்டங்களைக் கண்டு குறிப்பெழுதச் செய்கின்றன. அத்துணை முயற்சிக்குப் பின்னரும் முடிவுகள் பிழைப்பது உண்டு. 1993ஆம் ஆண்டில் ஒட்டாவா கழகம் அலெக்சாந்திர் தேக்ல் என்னும் இளைஞரை முதலாவதாகத் தெரிந்தெடுத்தது. அவர் மீது ஏற்றப்பட்ட எதிர்பார்ப்பு மலையளவு. அவர் லீக்கில் பல ஆண்டுகள் ஆடியபோதிலும், அந்த மலையைச் சுமக்க அவரால் இயலவில்லை. இரண்டாவதாகத் தெரியப்பட்ட கிறிஸ் புரொங்கரோ, 2000ஆம் ஆண்டில் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்குரிய விருதைப் பெற்று, 2007இல் ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றார். வீரர் ஒருவர் தவறியதாக இதனைக் கொள்ளலாகாது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இருபத்தெட்டு வயதின் பயனை அன்றே எழுதி வாங்க முயன்றவர்களின் கணக்கே தவறியது.

இதற்கு நேர்மாறான கதை பாவெல் டாட்சியூக் என்னும் இரசியருடையது. யூரல் மலைப்பகுதியிலுள்ள எக்கத்தரின்பேர்க் நகரைச் சேர்ந்த அவர் உருவிற் சிறியவர். தகுதி பெற்ற முதலிரு ஆண்டுகளிலும் எக்கழகமும் அவர் பெயரை அழைக்கவில்லை. டிட்ரொயிட் கழகத்தின் சார்பில் ஐரோப்பாவில் திறன் தேடிய ஹோக்கன் ஆண்டர்சன் என்பவர், வேறொரு வீரரைப் பார்ப்பதற்காகவே ஓர் ஆட்டத்துக்குச் சென்றார். அங்கே அவர் கண்ணிற் பட்டவர் டாட்சியூக். 1998இல் 171ஆவது இடத்தில் டிட்ரொயிட் கழகம் அவரை எடுத்துக்கொண்டது. அவ்வீரர் இருமுறை ஸ்டான்லி கிண்ணம் வென்று, 2024இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 170 பேர் அவருக்கு முன்னர் அழைக்கப்பட்டிருந்தனர். இன்னும் வியப்பான செய்தி, மார்ட்டின் சென் லூயி என்பவர் எந்த ஆண்டிலும் தெரிவு செய்யப்படவே இல்லை. உயரம் குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்ட அவரே 2004இல் லீக்கின் சிறந்த வீரரானார்.

இவ்வாறு பிழைகள் நேர்வதன் காரணங்களுள் ஒன்று பெற்றோரும் ஆசிரியரும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1985ஆம் ஆண்டில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் கனடிய ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். ஆண்டின் தொடக்க மாதங்களிற் பிறந்தவர் மிகுந்தும், இறுதி மாதங்களிற் பிறந்தவர் குறைந்தும் காணப்பட்டனர். சோதிடம் அன்று இதன் காரணம். அங்கே வயதுப் பிரிவுகள் ஜனவரி முதலாந் திகதியைக் கொண்டு வகுக்கப்படுகின்றன. ஜனவரியிற் பிறந்தவனும் டிசெம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பர். பத்து வயதில் பதினொரு மாத வேறுபாடு உடலிற் பெரிய வேறுபாடு. மூத்தவன் வலிமையாய்த் தோன்றுவான். அவனுக்கே நல்ல அணி, நல்ல பயிற்சி, கூடிய ஆட்ட நேரம். சில ஆண்டுகளில், தோற்றமாக இருந்த வேறுபாடு உண்மையான வேறுபாடாகிவிடும்.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1980 முதல் 2007 வரை தெரிவு செய்யப்பட்ட கனடியரை எடுத்து நோக்கியது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிற் பிறந்தவர்கள். ஆனால் பிற்பகுதியிற் பிறந்தவர்கள், தமக்குக் கிடைத்த வரிசை எண்ணைக் கொண்டு எதிர்பார்க்கக்கூடியதிலும் கூடுதலாகவே சாதித்திருந்தனர். நன்கு பழகிய கண்களும் வளர்ச்சியைத் திறமையென்று மயங்கிவிட்டன என்பதே இதன் பொருள்.

மற்றொரு காரணம் இடம். பார்க்கும் கண் இருக்கும் இடத்திலேதான் திறமை தெரியவரும். தமிழ்நாட்டில் கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி பெருநகரன்று. ஆயினும் அவ்வூரில் ஹொக்கி ஆட்டம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியுள்ளது. அரசின் பயிற்சி நிலையமும் அங்கே உண்டு. அங்குப் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி ஆகிய இருவரும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினர். பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். முளை எங்கும் உண்டு. கோவில்பட்டியில் அதனைக் குனிந்து பார்ப்பவர் இருந்தனர்.

இலங்கையிலும் சான்று இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராக இருந்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் முதலாவது லங்கா பிறீமியர் லீக் நடைபெற்றபோது யாழ்ப்பாண அணியில் இடம்பெற்றார். தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முதல் ஆட்டத்தில் இறங்கி, அஞ்சலோ மத்தியூசை ஆட்டமிழக்கச் செய்தார். 2024இல் இந்தியன் பிறீமியர் லீக்கிலும் ஆடினார். அங்கே அவர் ஏலத்தில் விலைபேசி எடுக்கப்பட்டவரல்லர். காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணிக்கு அழைக்கப்பட்டவர். பட்டியல் மூடப்பட்ட பின்னரும் கதவு திறந்தது. திறந்த வேளையில் அவர் ஆயத்தமாக நின்றார்.

இவற்றால் தெரிவு முறையே பயனற்றது என்று கொள்ளலாகாது. யாரேனும் ஒருவரைத் தெரிந்துதான் ஆக வேண்டும். முன்னிடங்களில் எடுக்கப்படுவோர் மற்றையோரிலும் சிறப்பதே பெரும்பான்மை. இரசிகர் பேச்சும் வீண்பேச்சன்று. அறியப்படாத ஒரு பெயரை அன்போடு எடுத்துச் சொல்லி, மற்றவரையும் பார்க்கச் செய்வது அப்பேச்சின் நற்பயன். தீமை எங்கே தொடங்குகிறதெனில், ஊகத்தைத் தீர்ப்பாகக் கொள்ளும் இடத்திலேதான்.

அந்தத் தீமை தொலைதூரத்துப் பனித்தரையில் மாத்திரம் நிகழ்வதன்று. பாடசாலை அறிவித்தற் பலகையில் அணிப் பட்டியல் ஒட்டப்படும் காலைப்பொழுதில், தன் பெயரைத் தேடி இருமுறை படித்துவிட்டு மெல்ல விலகிச் செல்லும் பிள்ளை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஒரே வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளிடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருத்தல் கூடும். அன்று விலகிச் சென்றவன் இளையவனாக இருக்கலாம். பின்னர் வளரவிருப்பவனாக இருக்கலாம். “நீ இதற்குச் சரிவரமாட்டாய்” என்று ஒரு பெரியவர் அவனிடம் சொல்லிவிட்டால், அவன் மறுநாள் மைதானத்துக்கு வரமாட்டான். மைதானத்துக்கு வராதவனை எந்தத் திறன் தேடுவோரும் காணமுடியாது. “இன்னும் ஓராண்டு ஆடு, பார்ப்போம்” என்ற ஒரு சொல்லுக்குச் செலவு ஏதுமில்லை. டாட்சியூக்குக்கு மூன்றாவது ஆண்டில்தான் அழைப்பு வந்தது.

நற்பிட்டிமுனை உழவன் பிந்தி முளைத்த நாற்றைப் பிடுங்கி எறிவதில்லை. கதிர் வரும்வரை அதற்கும் நீர் பாய்ச்சுகிறான். விளையும் பயிர் முளையிலே தெரியலாம். ஆனால் தெரியாத முளைகளும் விளைவதுண்டு.