ரெண்டு மணி நேர சஸ்பென்ஸ்: சுகர் டெஸ்டின் பின்வாசல் வழியே!

செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாங்க. இது கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றதும் பட ஹீரோ யஷ்ஷைத் தேடாதீர்கள், இது ஷூட்டிங் ஸ்பாட் இல்லை. ஆனால் சஸ்பென்ஸ் உண்டு, சேஸிங் உண்டு, ரோஸ் கலர் கிளைமாக்ஸ்கூட உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சுகர் டெஸ்ட் எடுக்கும் இடத்தின் பின்வாசல் இது!

இங்கே ஸ்கெலட்டனிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், முதலில் மோப்பம் பிடித்து வாசலில் நிற்பவர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காதான். கையோடு கர்ப்பிணிக்கான தாயி கார்டு.

"சுகர் டெஸ்டுக்குப் போனியாம்மா?"

"இட்லி சாப்ட்டுட்டேனே அக்கா, வெறும் வயித்துல இல்ல போவணும்?"

"வேணாம்மா, சாப்ட்டுட்டே வா!"

முதல் ரகசியம் உடைந்ததா? மற்ற பல நாடுகளில் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து வரச் சொல்வார்கள். நம் கர்ப்பிணியைப் பட்டினி போட்டு பஸ் ஏற்றினால் வழியிலேயே மயங்குவாள். 'நாளைக்கு வா' என்றால் நாளைக்கு வரவே மாட்டாள். இதைப் புரிந்துகொண்டு, எப்போது வந்தாலும் ஒரே டெஸ்ட் என்று எளிமையாக்கியவர்கள் சென்னை டாக்டர் வி. சேஷையாவும் அவர் குழுவினரும். தமிழ்நாட்டில் சுமார் 12,000 கர்ப்பிணிகளை அவர்கள் பரிசோதித்தபோது, நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை என்றது. 2014-ல் மத்திய அரசும் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலில் இதையே எழுதியது. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10-தான் இன்று கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். (சாப்பிட்டுவிட்டு எடுத்தால் சில கேஸ்கள் தப்பிவிடும் என்று அதே சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவினர் மல்லுக்கு நிற்கிறார்கள். டாக்டர்கள் சண்டை தனி சீரியல், இப்போது வேண்டாம்!)

சரி, டம்ளரைப் பார்ப்போம். 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மடக்கு ஜோர். நாலாவது மடக்கில் முகம் அஷ்டகோணலாகும் பாருங்கள்! அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்றைய ஆட்டம் குளோஸ், இன்னொரு நாள் வர வேண்டும். அரை மணி தாண்டி எடுத்தால் பரவாயில்லை, டெஸ்ட் தொடரும்.

பிறகுதான் அந்த ரெண்டு மணி நேரம். மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் கிட்டத்தட்ட பெங்களூரையே எட்டிப் பிடிக்கிற நேரம். பெஞ்சில் உட்கார்ந்தபடி மாமியார் கதை, சீமந்தப் புடவை விலை, யாருக்கு எந்தப் பக்கம் வயிறு சாய்ந்திருக்கிறது என்கிற ஆராய்ச்சி. ஒருத்தி நைசாகக் கடைப்பக்கம் நழுவுவாள். நர்ஸம்மா விரட்டிப் பிடிப்பார். சொன்னேனே, சேஸிங் உண்டு என்று!

ரெண்டு மணி முடிந்ததும் ரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது முறை எடுக்கிற வேலை இல்லை, ஒரே குத்துதான். லேபுக்குப் போகும் ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஏறும். ஏன் சாம்பல்? ரத்த அணுக்கள் பெரிய தீனிப்பண்டாரங்கள், குழாய்க்குள்ளேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். விட்டால் ரிசல்ட் குறைவாக வந்துவிடும். அவற்றின் வாயைக் கட்ட உள்ளே ஃபுளோரைடு. மெஷினில் சுற்றித் தெளிந்த நீரைப் பிரித்து ரசாயனத்தில் விட்டால், ஆகா, ரோஸ்! சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு அழுத்தமான ரோஸ். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை.

இப்போது இன்னும் உள்ளே, தொப்புள்கொடி வரைக்கும் எட்டிப் பார்ப்போம். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் தாண்டாது. பாவம் பிள்ளை, தன் குட்டிக் கணையத்திலிருந்தே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. வந்த சர்க்கரையெல்லாம் கொழுப்பாகித் தோளிலும் வயிற்றிலும் ஏறுகிறது. பாட்டி "கிளாக்ஸோ பேபி!" என்று திருஷ்டி கழிக்கிறாளே, அந்தக் கொழுகொழுவுக்குப் பின்னால் சில சமயம் இந்தக் கதைதான். தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் பிரசவ அறையில் எல்லோருக்கும் வியர்க்கும். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் மட்டும் நிற்காது. அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்தில் பிஞ்சுக் குதிகாலில் ஒரு குத்து. சர்க்கரை 45-க்குக் கீழே போய்விட்டதா என்று பார்க்கிறார்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1964-ல் பாஸ்டனில் ஓ'சல்லிவன், மேஹன் என்ற இருவர் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதன்முதலில் அளவுகோல் வகுத்தபோது பிள்ளையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அம்மாவுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருமா என்பதுதான் கேள்வி. 9 நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2008-ல் வெளியான ஆய்வுதான் அளவுகோலைப் பிள்ளைப் பக்கம் திருப்பியது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மிகக் குறைவாக இருந்த அம்மாக்களில் 5.3 சதவீதம் பேருக்குப் பெருத்த குழந்தை. மிக அதிகமாக இருந்தவர்களில் 26.3 சதவீதம்! நடுவில் கோடு எதுவும் இல்லை, ஏற ஏற ஏற்றம்தான்.

நம்ம கர்நாடக மாநிலத்துப் பொக்கிஷத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே சுரங்கத்தில் தங்கம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் 1934 முதலே ஒவ்வொரு பிள்ளையின் எடை, நீளம், தலைச்சுற்றளவை நோட்டில் எழுதி வைத்தார்கள். ஆய்வாளர் கரோலின் ஃபால் குழுவினர் அந்த நோட்டுகளைத் தூசி தட்டி, அதிலிருந்த 500-க்கும் மேற்பட்டவர்களை அவர்களின் நடுவயதில் தேடிப் பிடித்தார்கள். குட்டையாகவும் குண்டாகவும் பிறந்தவர்களுக்கும், எடை கூடிய அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் அதிகம். அப்படியானால் அந்த அம்மாக்களுக்கே கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருக்குமோ? அதே ஆஸ்பத்திரியில் 1997-98-ல் கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடந்தது; 6.2 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களின் பிள்ளைகள் பெருத்துப் பிறந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த நோட்டுகளின் மதிப்பு தங்கத்துக்குச் சற்றும் குறையாது.

சர்க்கரை என்று வந்துவிட்டால் அழ வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டில்தான் வைத்தியம். களியானாலும் சோறானாலும் அளவுதான் முக்கியம். ராகிக்கு விதிவிலக்கு கிடையாது. அதற்கும் மசியாவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின். ஆஸ்திரேலியாவில் 1,000 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள்: வைத்தியம் பார்த்ததில் பிள்ளைகளுக்கான பெரிய ஆபத்துகள் 4 சதவீதத்திலிருந்து 1-க்கு இறங்கின.

அதனால், மாசமாக இருக்கும் தங்கச்சிகளே, முதல் தடவை நார்மல் என்று விட்டுவிடாதீர்கள். 24-லிருந்து 28-வது வாரத்துக்குள் இன்னொரு டம்ளர் காத்திருக்கிறது. சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான ஆறாவது வாரத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் பெஞ்சை விட்டு நழுவாதீர்கள், நர்ஸம்மாவால் ஓட முடியவில்லை!