பம்ப் வாங்குமுன் ஒயிலைப் பாருங்கள்

வன்னியிலோ மட்டக்களப்பிலோ பழைய மெசி பெர்குசன் 35 உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்குக் கொழும்பு என்றதும் நினைவுக்கு வருவது பஞ்சிகாவத்தை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதியைத் தாண்டினால் வந்துவிடும் உதிரிப்பாகக் கடைத்தெரு அது. கலப்பை மேலே எழும்பவில்லை என்றால் ஹைட்ரோலிக் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, நேரே அங்கே போய்ப் புதியதை விலைபேசுவோர் நிறையப் பேர். பல வேளைகளில் பம்ப்பில் பிழையே இருப்பதில்லை. தேய்ந்து போனது ஒரு ரப்பர் வளையமாக இருக்கும்.

கலப்பையைத் தூக்கும் இந்த ஹைட்ரோலிக் அமைப்பின் மூலவர் வட அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்குசன். அவர் காலத்து உழவு இயந்திரங்கள் கலப்பையை வெறுமனே இழுத்துச் சென்றன. கலப்பை மரவேரில் மாட்டினால் இயந்திரம் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றது. பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு பிணைத்தார். மண் இறுகினால் மேல் இணைப்புக் கம்பி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு சுருள்வில்லை அமுக்கும், வில் வால்வை அசைக்கும், கலப்பை சற்றே உயர்ந்து சுமை குறையும். மனிதக் கை படாமலே இவ்வளவும் நடக்கிறது. கணினி இல்லாத காலத்தில் இரும்பும் எண்ணெயும் கொண்டு இதைச் சிந்தித்தவரை நான் மிகவும் மதிக்கிறேன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ரியில் 5 இலட்சத்துக்கும் மேலான டிஈ20 இயந்திரங்கள் இவ்வமைப்போடு வெளிவந்தன. அதன் வாரிசுதான் 35. சென்னையின் டாஃபே நிறுவனம் 1960களிலிருந்து மெசி பெர்குசன் வகை இயந்திரங்களைத் தயாரித்து வருவதால் பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை.

இருக்கைக்குக் கீழே, பின் அச்சுப் பெட்டிக்குள், கியர்பொக்ஸ் ஒயிலிலேயே அமிழ்ந்திருக்கிறது நான்கு பிஸ்டன் கொண்ட சிறு பம்ப். அது சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் தரும். அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் குழாய் வழியே ஒயில் மேல்மூடிக்கு ஏறி, சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளி, லிப்ட் கைகளை உயர்த்துகிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான இயந்திரங்களில் பம்ப் ஓயாமல் ஒயிலை அனுப்ப, தேவையில்லாதது சுற்றித் திரும்பி வரும். பெர்குசன் வால்வை உறிஞ்சும் பக்கத்தில் வைத்தார். தூக்க வேலை இல்லாதபோது பம்ப்புக்கு ஒயிலே போகாது; அது சும்மா சுழலும். சக்தியும் வீணாகாது, ஒயிலும் சூடேறாது.

இது புரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. முதலில் அளவுகோலை இழுத்து ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர்த் தடியின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் மாரி மழை நேரே உள்ளே இறங்கும். முழுவதையும் வடித்து ஏறத்தாழ 30 லீற்றர் புது ஒயில் ஊற்ற வேண்டும். வடித்ததில் உலோகத் துகள் மினுங்கினால் அப்போது பம்ப்பைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓடும்போது உயர்ந்த கலப்பை சில விநாடிகளுக்கொருமுறை விக்கல் எடுப்பதும் அதே கசிவால்தான்: ஒயில் கசியக் கசியக் கலப்பை தாழ்கிறது, வால்வு திறந்து மறுபடி ஏற்றுகிறது. நிமிர்ந்த குழாயின் ஓ-ரிங், சிலிண்டரின் பிஸ்டன் வளையம், சிலிண்டர் மூடியோடு சேரும் இடம், வால்வு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பக்கத் தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்தால் ஒயில் பீறிடும் இடம் சில வேளை கண்ணுக்கே தெரியும். அங்கே விரலை நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் மெல்லிய தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். அது உடனே சத்திரசிகிச்சை கேட்கும் காயம்.

மேல்மூடியைத் திறப்பதென்றால் லிப்ட் கைகளை முழுதாக இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நிமிர்ந்த குழாயை முதலில் உருவ வேண்டும். அதன்பிறகே செயின் புளொக். ஒருவர் கையால் தூக்கும் பாரமல்ல அது. உள்ளே ஒரு ஓ-ரிங்தான் போயிருந்தாலும் எல்லா ரப்பரையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. வேலையின் பெரும்பகுதி திறப்பதிலும் மூடுவதிலும்தான் போகிறது.

கராஜ்களில் அதிகம் பிழைப்பது மூடும்போது. மூடியிலிருந்து தொங்கும் நெம்புகள் பம்ப்பின் வால்வு நெம்போடு சரியான பக்கத்தில் சேர வேண்டும். மாறி விழுந்தால் லிப்ட் ஏறாது, அல்லது ஏறியது இறங்காது. போல்ட்டுகளை இறுக்குமுன் பக்கத் துவாரத்தால் ஒருமுறை எட்டிப் பார்த்து, நெம்புகள் இருக்கும் இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.