ஸ்டார் டிரெக்: சிக்கனத்தில் பிறந்த விண்வெளி

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. தயாரித்தது, நகைச்சுவை நடிகை லூசில் பாலின் டெசிலு நிறுவனம். முதல் முன்னோட்டப் படத்தை நிராகரித்த என்.பி.சி., வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றை எடுத்துத் தரச் சொன்னது.

தொடரில் வரும் விண்கலம் வாரந்தோறும் ஒரு கோளில் இறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் ஆட்களைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் 'டிரான்ஸ்போர்ட்டர்' பிறந்தது. அதன் மினுமினுப்பு வேறொன்றுமில்லை, அலுமினியத் தூள்தான்! பலத்த வெளிச்சத்தில் அதைக் கொட்டவிட்டுப் படம்பிடித்து, நடிகர்களின் உருவத்தோடு இணைத்தார்கள். விண்கல மருத்துவரின் கருவிகளில் சில, கடையில் வாங்கிய உப்புக் குப்பிகள். கைச்சுருக்கம் கற்பனைக்கு இவ்வளவு உதவிய தொடர்கள் குறைவு.

தொடரை நிறுத்தக் கூடாதென்று ரசிகர்களின் கடிதங்கள் குவிந்தபின் மூன்றாம் பருவம் வந்தது. வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டதால் அது எடுபடவில்லை. 79 அத்தியாயங்களோடு 1969-இல் தொடர் நின்றது. மறு ஒளிபரப்புகளில்தான் அதற்குப் பெரும் ரசிகர் கூட்டம் சேர்ந்தது.