குருவிக்கு 10 ஆண்டு ஜெயில்! அனுப்பி வைத்த "பெரிய புள்ளி" எங்கே?

போதைப்பொருள் வழக்குகளில் பை தூக்கியவன் சிக்குகிறான்; பணம் போட்டவன் நழுவுகிறான்! சட்டம் சொல்வது என்ன?

பையைத் தூக்கி வந்தவன் ஜெயிலுக்குப் போகிறான். அந்தப் பையைக் கொடுத்து அனுப்பியவன் எங்கே போனான்?

போதைப்பொருள் வழக்கில் தீர்ப்பு வரும்போதெல்லாம் மின்சார ரெயிலில் பேப்பர் படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. பதில்தான் சிக்கலானது.

கடத்தல் சரக்கைச் சுமந்து வருகிறவனுக்குச் சென்னையில் "குருவி" என்று பெயர். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குப் போய் டேப்ரிக்கார்டர், வாட்ச், துணிமணி என்று வாங்கி வந்து பர்மா பஜாரில் சேர்த்தவர்களை அப்படி அழைத்தார்கள். அந்தக் குருவி பிடிபட்டால் சரக்கு போகும், அபராதம் விழும். போதைப்பொருள் குருவி பிடிபட்டால் வாழ்க்கையே போய்விடும்!

"ஒரே ஒரு பைதான். கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடு. டிக்கெட்டு, ரூம், கைச்செலவு எல்லாம் நம்ம பொறுப்பு."

ஆள் பிடிப்பவர்கள் விரிக்கும் வலை இவ்வளவுதான். கடனில் கழுத்தளவு மூழ்கியவன், வேலை போனவன், வெளிநாடு போகும் ஆசையில் இருப்பவன்தான் இதில் விழுகிறான். பையில் என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தெரியும். சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

தராசு வைத்துத் தண்டனை

இந்தக் குற்றத்துக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம்தான். 1985-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி அமலுக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். 2001-ல் அதைத் திருத்தி, பிடிபட்ட சரக்கின் எடையைப் பார்த்து மூன்று படிகளாகத் தண்டனை வைத்தார்கள்.

ஹெராயின் 5 கிராமுக்குள் என்றால் "சிறு அளவு". 250 கிராமைத் தாண்டினால் "வணிக அளவு". கஞ்சாவுக்கு 1 கிலோவும் 20 கிலோவும் இந்த எல்லைகள். அபினுக்கு 25 கிராம், இரண்டரை கிலோ. இப்போது அதிகம் அடிபடும் மெத்தம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம்.

சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓர் ஆண்டு ஜெயில். நடுத்தர அளவுக்கு 10 ஆண்டு வரை போகலாம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று கிடையாது. வணிக அளவைத் தாண்டிவிட்டால் 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை கடுங்காவல். ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். காரணம் எழுதி நீதிபதி அதற்கு மேலும் போடலாம்.

இந்தக் கணக்கில் சரக்கு எவ்வளவு என்ற கேள்வி இருக்கிறது. அதைச் சுமந்தவன் யார், அனுப்பியவன் யார் என்ற கேள்வி இல்லை!

அதாவது 300 கிராம் ஹெராயினைச் செருப்புக்குள் வைத்துக் கொண்டு வந்த கூலிக்காரனுக்கும் குறைந்தது 10 ஆண்டு. அதற்குப் பணம் போட்டு, ஆள் பிடித்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்த முதலாளிக்கும் குறைந்தது 10 ஆண்டு. குருவி மீது நீதிபதிக்கே இரக்கம் வந்தாலும் 10 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது.

கலப்படமும் குருவியின் கணக்கில்தான் சேரும். ஒரு கிலோ பவுடரில் உண்மையான ஹெராயின் 20 கிராம்தான், மீதி வேறு மாவு என்றாலும், அந்த ஒரு கிலோவும் எடைக்குச் சேர்க்கப்படும். 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வு இப்படித் தீர்ப்புச் சொன்னது. கலந்தவன் எவனோ, எவ்வளவு கலந்தானோ, சுமந்தவனுக்கு அது தெரியப்போவதில்லை.

"வெறும் குருவிதானே!"

"நான் வெறும் தூக்கி வந்தவன், தலைவன் வேறு ஆள்" என்ற வாதம் கோர்ட்டில் எடுபடுமா? ஒரு முறை எடுபட்டது. இன்னொரு முறை எடுபடவில்லை.

2008-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கில் பிடிபட்டது 4 கிலோவுக்கு மேல். பரிசோதனை செய்து பார்த்தபோது அதில் சுத்தமான ஹெராயின் 60 கிராம் அளவுக்குத்தான் இருந்தது. சுத்தமான பகுதியை மட்டுமே எடை போட வேண்டும் என்று அன்றைக்குக் கோர்ட்டு சொன்னது. 60 கிராம் என்றால் நடுத்தர அளவு. நீதிபதியின் கை கட்டப்படவில்லை. பிடிபட்டவர் சுமந்து வந்தவர்தான், கூட்டத்தின் தலைவர் அல்ல என்பதையும் பார்த்து, 10 ஆண்டு தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தார்கள். சுத்தமான பகுதிக்கு மட்டுமே எடை என்ற அந்தக் கணக்கைத்தான் 2020 தீர்ப்பு ஒதுக்கித் தள்ளியது.

2021 ஏப்ரலில் வந்தது பஞ்சாப் வழக்கு. ஒரு கிலோ ஹெராயின். 15 ஆண்டு ஜெயில், 2 லட்சம் அபராதம். "இவர் ஏழை. சுமந்து வந்தவர் மட்டுமே. 10 ஆண்டாகக் குறையுங்கள்" என்று கேட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. பிடிபட்டது வணிக அளவைப் போல நாலு மடங்கு. இந்தச் சரக்கு எத்தனை இளைஞர்களைச் சாகடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி 15 ஆண்டையும் உறுதி செய்தது.

கோர்ட்டு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. குருவி இல்லாமல் சரக்கு நகராது. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த தாயிடம் "தூக்கி வந்தவன் பாவம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் அந்தத் தாய் கேட்கும் கேள்வியும் இதேதான். அனுப்பியவன் எங்கே?

தலைவனுக்கும் சட்டம் உண்டு, ஆனால்...

தலைவனைப் பிடிக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 29-வது பிரிவின்படி சதி செய்தவனுக்கும் தூண்டிவிட்டவனுக்கும் குற்றம் செய்தவனுக்கு உள்ள அதே தண்டனை. 27-ஏ பிரிவின்படி கடத்தலுக்குப் பணம் போட்டவனுக்கும், கடத்தல்காரனுக்கு அடைக்கலம் கொடுத்தவனுக்கும் 10 முதல் 20 ஆண்டு. தெரிந்தே வீட்டையோ வண்டியையோ கொடுத்தவனையும் 25-வது பிரிவு விடாது.

அப்படியானால் எப்படி நழுவுகிறார்கள்?

குருவியின் கையில் சரக்கு இருக்கிறது. அது போதும், வழக்கு நின்றுவிடும். தலைவன் சரக்கைத் தொடுவதே இல்லை! அவனுக்கும் சரக்குக்கும் நடுவே இரண்டு மூன்று ஆட்கள். ஒருவன் போனில் பேசுவான். ஒருவன் பணம் தருவான். ஒருவன் பஸ் ஸ்டாண்டில் பையை மாற்றிவிடுவான். குருவிக்குத் தெரிந்தது ஒரு செல்போன் நம்பரும், "அண்ணாச்சி", "பாய்" என்ற ஒரு பட்டப்பெயரும்தான்.

பல வழக்குகளில் தலைவன் பெயர் வெளியே வந்தது குருவி கொடுத்த வாக்குமூலத்தில் மட்டும்தான். 2020 அக்டோபர் 29-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்கும் கடிவாளம் போட்டது. தமிழ்நாட்டில் பதிவான ஹெராயின் வழக்கு ஒன்றிலிருந்து எழுந்த அப்பீல் அது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளைப் போலத்தான். அவர்கள் முன்னால் 67-வது பிரிவில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மாறுபட்டார்.

அறைக்குள் மிரட்டி எழுதி வாங்கிய காகிதத்தை வைத்து அப்பாவியை உள்ளே தள்ளக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அதே பாதுகாப்பு பெரிய புள்ளிக்கும் குடையாக ஆகிறது. குருவியின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் இல்லையென்றால் அவருக்கு ஜாமீன் கிடைத்துவிடுகிறது. 2022 ஜனவரியில் அப்படி ஜாமீன் பெற்றவர்களின் ஜாமீனை ரத்து செய்யச் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது.

குருவியின் நிலைமை அப்படி இல்லை. வணிக அளவு வழக்கில் "இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு" என்று கோர்ட்டுக்குத் தோன்றினால்தான் ஜாமீன். இது 37-வது பிரிவு. கையில் பையோடு பிடிபட்டவனுக்கு அந்தக் காரணம் எங்கிருந்து கிடைக்கும்?

தண்டனை ஆன பிறகும் கஷ்டம் தீராது. நன்னடத்தைக்காக நாட்களைக் கழித்துக் கொடுக்கும் வழியை 32-ஏ பிரிவு அடைத்துவிட்டது. லட்ச ரூபாய் அபராதம் கட்ட முடியாதவன் அதற்காகவும் கூடுதலாகக் கம்பி எண்ண வேண்டும்.

அத்தை கொடுத்த பார்சல்

ஒன்றும் தெரியாமல் பை தூக்கியவர்களின் கதி என்ன? கத்தார் நாட்டில் நடந்த சம்பவம் ஒன்று போதும்.

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி தோகா விமான நிலையத்தில் இறங்கினார்கள். மனைவி கர்ப்பிணி. பயணமே உறவுக்கார அத்தை கொடுத்த பரிசு. புறப்படும்போது அந்த அத்தை ஒரு பார்சலையும் கையில் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே 4 கிலோ சரஸ்!

தம்பதிக்கு 10 ஆண்டு ஜெயில். குழந்தை ஜெயிலிலேயே பிறந்தது.

மும்பையில் இருந்த குடும்பத்தார் போதைப்பொருள் தடுப்புப் பிரிவிடம் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் இங்கே நூலைப் பிடித்து இழுத்தார்கள். அனுப்பிய கூட்டம் இந்தியாவில் சிக்கியது. அந்த ஆதாரம் தோகா கோர்ட்டுக்குப் போனது. 2021-ல் தம்பதி விடுதலையாகிக் குழந்தையோடு ஊர் திரும்பினார்கள்.

அனுப்பியவர்களைப் பிடித்ததால்தான் சுமந்தவர்கள் தப்பினார்கள். பிடிக்காமல் விட்டிருந்தால் முழுத் தண்டனையும் அவர்கள் தலையில்தான்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 2012-ல் வந்த தண்டனை வழிகாட்டி, எடையோடு பங்கையும் பார்க்கிறது. 5 கிலோ அளவு ஹெராயின் கடத்தலில் தலைமை தாங்கியவனுக்குக் கணக்கு 14 ஆண்டில் தொடங்கும். மிரட்டலுக்குப் பயந்தோ விவரம் தெரியாமலோ சுமந்தவனுக்கு 8 ஆண்டில் தொடங்கும். சரக்கு ஒன்றே, தண்டனையில் 6 ஆண்டு வித்தியாசம்.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2013 முதல் ஒரு சலுகை வந்தது. சுமந்து வந்தவர் மட்டுமே என்று நிரூபித்து, கூட்டத்தைப் பிடிக்க உருப்படியாக உதவியதாக அரசு வக்கீலின் சான்றிதழும் கிடைத்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். இதிலும் ஒரு கொடுமை. கூட்டத்தில் ஓரளவு உள்ளே இருப்பவனுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். கடைசிப் படியில் நிற்கும் குருவிக்கு என்ன தெரியும்? 2022 ஏப்ரலில் அங்கே ஒரு மலேசியத் தமிழர் தூக்கிலிடப்பட்டார். அவரிடம் இருந்தது சுமார் 43 கிராம். சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே, 2023-ல், மலேசியா கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது. தூக்கா, ஜெயிலா என்று முடிவு செய்வதை நீதிபதியிடம் விட்டது.

நம் சட்டத்திலும் ஒரு கதவு உண்டு. 64-வது பிரிவு. நடந்ததை முழுமையாக, உண்மையாகச் சொல்பவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு கொடுக்கலாம். ஆனால் அந்தச் சாவி மத்திய, மாநில அரசுகளின் கையில்தான் இருக்கிறது.

பணத்தின் தடம்

பெரிய புள்ளியை மாட்டவைக்க வாய்மொழி போதாது என்று ஆனபிறகு, மிச்சம் இருப்பது பணமும் போனும்தான். யார் யாருக்கு எப்போது பேசினார்கள், டிக்கெட்டுக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, லாட்ஜ் அறை யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். கடத்தலில் சேர்த்த வீடு, நிலம், கார் எல்லாவற்றையும் முடக்கிப் பறிமுதல் செய்ய 1989 முதலே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. குருவியிடம் பறிமுதல் செய்ய மாற்றுத் துணியைத் தவிர என்ன இருக்கும்? அந்த அத்தியாயமே தலைவனுக்காக எழுதியதுதான்.

பையோடு ஆளைப் பிடிக்க ஒரு நாள் போதும். பணத்தின் தடத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்த வேலை நடந்த வழக்கில் தலைவனும் கூண்டில் ஏறுகிறான். நடக்காத வழக்கில் குருவி மட்டும் ஏறுகிறான்.

பயணிகளே, கவனம்!

35-வது பிரிவை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பையில் இருந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால், அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "தெரியாம வாங்கிட்டு வந்துட்டேன் சார்" என்ற ஒரு வரி உதவாது.

சொந்தக்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து சீட்டில் அறிமுகமானவராக இருந்தாலும் சரி, கொடுக்கும் பார்சலைக் கண்முன்னே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.