அது குறட்டை இல்ல
ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் 'வலி மாத்திரை'ன்னா உங்கள்ல சிலருக்கு உடனே புரியும். டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை, லேப்ல செய்யற ஓபியாய்டு. இதே வகை டிராமடாலை 2018-லயே போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க.

"மாத்திரைதானே, பவுடரா?"ன்னு ஒரு நினைப்பு இருக்கு. மூளையில மூச்சை நடத்துற இடத்தையே இது மந்தமாக்கும். கூட சரக்கும் சேர்ந்தா சொல்லவே வேணாம். ஊசியில ஏத்தினா, மாத்திரையில கலந்திருக்கற மாவு போய் நுரையீரல் ரத்தக் குழாய்களை அடைக்கும்.

நான் ரொம்பப் பயப்படுறது அந்தக் குறட்டைக்குத்தான். பையன் அசந்து தூங்குறான்னு வீட்டுல விட்டுடுவாங்க. தட்டியும் எழலை, உதடு நீலமாகுதுன்னா அது தூக்கமில்ல. உடனே 108. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. என்ன எடுத்தான்னு மறைக்காம சொல்லுங்க. நலாக்சோன் ஊசியை நேரத்துல போட்டா மூச்சு திரும்பும்.

"கேஸ் ஆயிடுமே?" அந்தச் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்குங்க. அடிமையானவர் தானா முன்வந்து, அரசு நடத்துற இல்ல அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா, பயன்படுத்தினதுக்கும் சிறிய அளவு வச்சிருந்ததுக்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில விட்டா அது ரத்தாகலாம். எங்க போறதுன்னு கேட்க 14446, இலவசம்.